மாத்திரை மணிக்கு வீடு நடக்கட்டும்: பார்க்கின்சனோடு வாழும் முறை

காலை 6 மணிக்கு எழுந்ததும் ஒரு டம்ளர் பால் காபி, அதோடு மாத்திரை. நம் வீடுகளில் பெரும்பாலும் நாள் இப்படித்தான் தொடங்கும். பார்க்கின்சன் (நடுக்குவாத நோய்) உள்ளவருக்கு இந்த ஒரு பழக்கமே முற்பகலைக் கெடுத்துவிடலாம். முக்கிய மருந்தான லெவோடோபா ஓர் அமினோ அமிலம். பால் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலைத் தாண்டவும் மூளைக்குள் போகவும் ஒரே வாசலைத்தான் பயன்படுத்துகின்றன. வாசலில் கூட்டம் சேர்ந்தால் மருந்து வெளியே நிற்கும். "இப்பல்லாம் மாத்திரை வேலையே செய்யலை" என்று டோஸைக் கூட்டக் கேட்பதற்கு முன், 6 மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு மாத்திரை, 6.45க்குக் காபி என்று ஒரு வாரம் மாற்றிப் பாருங்கள்.

இந்த நோயில் உடற்பயிற்சி, மாத்திரை, கூட இருப்பவர் செய்யும் உதவி ஆகிய மூன்றும் தனித்தனி வேலைகள் அல்ல. மூன்றையும் ஓட்டுவது மாத்திரையின் கடிகாரம். மருந்து ஏறியிருக்கும் நேரத்தை 'ஆன்' என்றும், இறங்கிய நேரத்தை 'ஆஃப்' என்றும் சொல்கிறோம். குளியல், நடை, பேங்க் வேலை, பேரன் பள்ளி விழா எல்லாம் ஆன் நேரத்துக்குப் போகவேண்டும். ஆஃப் நேரத்தில் அவசரப்படுத்தினால் அவரும் விழுவார், பிடிக்கப் போனவரும் விழுவார்.

அட்டையில் இருக்கும் எண்கள்

லெவோடோபாவோடு கார்பிடோபா சேர்ந்தே வரும். லெவோடோபா மூளைக்குள் போய்த்தான் டோபமைனாக, அதாவது அசைவுக்குத் தேவையான மூளை ரசாயனமாக, மாறவேண்டும். அதற்கு முன்பே ரத்தத்தில் மாறிக் குமட்டலை உண்டாக்காமல் தடுப்பது கார்பிடோபாவின் வேலை. அட்டையில் 110 என்றிருந்தால் லெவோடோபா 100 மி.கி., கார்பிடோபா 10 மி.கி. 125 என்றால் 100, 25. 275 என்றால் 250, 25. இது தெரியாமல் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று கடையில் 125க்குப் பதில் 110 கொடுத்துவிடுவதுண்டு. லெவோடோபா அளவு அதேதான், ஆனால் குமட்டல் வரும். தடுப்பு சரியாக நடக்க ஒரு நாளைக்குக் கார்பிடோபா 70 முதல் 100 மி.கி. வரை வேண்டும். 110ஐ மூன்று வேளை சாப்பிடுபவருக்குச் சேருவது 30 மி.கி.தான். புதிதாகத் தொடங்கியவர் வாந்தி என்று மாத்திரையையே நிறுத்துவதற்கு முன் இந்தக் கணக்கை மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொரு குழப்பம் இதைவிட மோசம். சாதாரண 125ம் இருக்கிறது, சிஆர் 125ம் இருக்கிறது. எண் ஒன்று, மாத்திரை வேறு. சாதாரண மாத்திரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் ஏறும். சிஆர் மெதுவாகக் கரையும், தாமதமாக ஏறும். அதே மில்லிகிராமில் உடலில் சேரும் அளவும் சுமார் 30 சதவீதம் குறைவு. சிஆரை இடிக்கவோ மெல்லவோ கூடாது. மாத்திரை வாங்கும்போது வாயால் பெயர் சொல்லாமல் பழைய அட்டையையே கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மாத்திரை. குமட்டல் இருந்தால் இரண்டு ஸ்பூன் அரிசிக் கஞ்சி, ஒரு ரஸ்க், பாதி வாழைப்பழம் போதும். பால், தயிர் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே இரண்டுக்கும் நடுவே குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். மறந்துபோன டோஸை நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த டோஸ் நேரம் நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம்.

நோய் தொடங்கி சில ஆண்டுகளில் சிலருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்குப் பருப்பு, முட்டை, மீன், தயிரை இரவுக்குத் தள்ளலாம். மதியம் சோறு, ரசம், காய்கறிப் பொரியல். மொத்தப் புரதத்தைக் குறைக்க வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். ஏற்கெனவே எடை இறங்கிக்கொண்டிருப்பவர் உணவியல் நிபுணரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே தெரியாதவருக்கு இந்தத் தொல்லையே தேவையில்லை.

மருத்துவரிடம் என்ன கொண்டுபோவது

"நடுக்கம் அதிகமாயிருக்கு டாக்டர்" என்று மட்டும் சொன்னால் மருத்துவரால் அதிகம் செய்ய முடியாது. பார்க்கப்போகும் நாளுக்கு முன் மூன்று நாள், அரை மணிக்கு ஒரு முறை குறித்துவையுங்கள். நான்கு சொற்கள் போதும்: தூக்கம், ஆஃப், ஆன், ஆட்டம். ஒரு நாளின் காலை இப்படி இருக்கும்:

6.00 மாத்திரை
6.45 கை லேசானது, ஆன்
7.45 தோளும் கழுத்தும் நெளிகின்றன, ஆட்டம்
8.15 ஆட்டம் நின்றது, ஆன்
9.30 கால் ஒட்டுகிறது, ஆஃப்
10.00 மாத்திரை
10.50 ஆன்

இதைப் பார்த்ததும் மருத்துவருக்கு இரண்டு விஷயம் தெரியும். மருந்து மூன்றரை மணி நேரம் தாங்குகிறது, ஆனால் இடைவெளி நான்கு மணி நேரம். அதனால் 9.30 முதல் 10.50 வரை 1 மணி 20 நிமிடம் வீணாகிறது. உச்சத்தில் உடல் நெளிகிறது, ஆகவே ஒரு வேளைக்கான அளவு சற்று அதிகம். டோஸைக் கூட்டினால் நெளிவு கூடும். அளவைச் சிறிது குறைத்து, இடைவெளியை நெருக்கி, ஒரு நாளைக்கு ஒரு வேளை கூட்டுவது பெரும்பாலும் சரியான வழி. குறிப்பு இல்லாமல் போனால் டோஸ் ஏறி, ஆட்டமும் ஏறும்.

குடும்பங்கள் நடுக்கத்தையும் ஆட்டத்தையும் ஒன்றாக நினைக்கின்றன. நடுக்கம் ஒரே தாளத்தில், கையை மடியில் வைத்துச் சும்மா இருக்கும்போது அதிகமாக வரும். ஆட்டம் நீர் ஓடுவதுபோல வளைந்து நெளியும். அதைப் பார்ப்பவருக்குத்தான் பதற்றம், ஆடுபவர் பல நேரம் கண்டுகொள்வதே இல்லை. முன்னது மருந்து குறைந்ததால், பின்னது கூடியதால். கைபேசியில் 20 வினாடி வீடியோ எடுத்து, நேரத்தையும் கடைசி மாத்திரை நேரத்தையும் சொல்லிக் காட்டினால் சந்தேகமே வராது.

ஆஃப் நேரத்தைக் குறைக்க வேறு மருந்துகளும் சேர்ப்பார்கள். ஒவ்வொன்றும் தன் அடையாளத்தோடு வரும். என்டகபோனை லெவோடோபாவோடு அதே வேளையில் சாப்பிட வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிற்றுப்போக்கு நிற்காமல் போனால் மட்டும் சொல்லுங்கள். அமான்டடின் ஆட்டத்தைக் குறைக்கும். காலில் வலைபோன்ற ஊதா நிறம், கணுக்கால் வீக்கம், வயதானவருக்கு மனக்குழப்பம் வரலாம். ட்ரைஹெக்சிஃபெனிடில் நடுக்கத்துக்குப் பழைய மாத்திரை. எழுபது வயதுக்காரருக்கு மறதி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு என்று ஒரு பட்டியலையே கொண்டுவரும். இளவயதினர் தவிர மற்றவர்களுக்கு இது எதற்கு என்று தயங்காமல் கேளுங்கள்.

டோபமைனைப் போலவே வேலை செய்யும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகள் பற்றிக் கூட இருப்பவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டி ஓட்டும்போது திடீரென்று தூக்கம் வரலாம். இன்னொன்று வெளியே சொல்லக் கூச்சப்படும் விஷயம்: ஆன்லைன் ரம்மியில் விடிய விடிய உட்காருதல், தேவையில்லாத பொருள்களை ஆர்டர் செய்துகொண்டே இருத்தல், இனிப்பை நிறுத்தாமல் தின்னுதல், அடங்காத பாலுறவு நாட்டம். நாற்பது வருடம் சிக்கனமாக இருந்தவர் சேமிப்பைக் கரைத்தபின், "வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சு" என்று வீட்டில் சண்டை நடக்கும். அது குணம் கெட்டதால் வருவதல்ல, மாத்திரையால் வருவது. மருந்து தொடங்கும் நாளிலேயே இதைப் பேசிக்கொள்ளுங்கள். யுபிஐ வரம்பைக் குறைத்துவையுங்கள். வந்துவிட்டால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். திடீரென்று நிறுத்தினால் கடும் பதற்றமும் சோர்வும் வரும்.

லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கடும் காய்ச்சல், மரக்கட்டை விறைப்பு, நினைவு தடுமாற்றம் என்று போய்விடும். ஊருக்குப் போகும்போது மாத்திரையைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். வீட்டில் எப்போதும் பத்து நாள் கையிருப்பு இருக்கட்டும்.

பூனைக்காலி விதையில் லெவோடோபா உண்மையாகவே இருக்கிறது. அதனால்தான் அதில் ஆபத்தும் இருக்கிறது. பொடியில் எத்தனை மில்லிகிராம் என்று யாரும் அளந்து தருவதில்லை. மாத்திரையோடு சேர்ந்தால் ஆட்டமும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரும். சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இதைவிடவும் அன்றாடம் நடக்கும் தவறு, தலைசுற்றலுக்குக் கடையில் வாங்கும் சின்னரிசின். அது டோபமைனைத் தடுக்கும் மருந்து. வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின், மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் ஆகியவையும் அப்படியே. வாந்திக்கு டாம்பெரிடோன் பொருந்தும். ஆனால் இதயத் துடிப்பில் சிக்கல் இருப்பவருக்கு அதையும் மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

வேர்க்கவேண்டும்

பார்க்கின்சனுக்குப் பயிற்சி என்றாலே கையை மெல்ல ஆட்டுவது, பந்தை அமுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. 2018இல் வெளியான ஸ்பார்க்ஸ் ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்டு இன்னும் மாத்திரை தொடங்காத 128 பேர் கலந்துகொண்டார்கள். உச்ச இதயத் துடிப்பில் 80 முதல் 85 சதவீதம் வரை ஏறும்படி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அசைவுக் குறைபாடு ஏறக்குறைய அப்படியே நின்றது. வழக்கம்போல் இருந்தவர்களுக்கு அது கூடியது. சிறிய ஆய்வுதான், நோய் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் வேகம் முக்கியம் என்று காட்டியது.

கணக்கு இப்படி: 220இலிருந்து வயதைக் கழியுங்கள். 65 வயதானால் 155. அதில் 80 சதவீதம் 124, 85 சதவீதம் 132. நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்த எண் ஏமாற்றும். அவர்கள் மூச்சை வைத்துப் பார்க்கலாம்: மூச்சு வாங்காமல் சில சொற்களுக்கு மேல் பேச முடியாது என்ற அளவு. இதய நோய் இருந்தவரும் 60 தாண்டியவரும் ஈசிஜி பார்த்து அனுமதி வாங்கிய பிறகே தொடங்கவேண்டும். வாரம் 3 நாள், ஒவ்வொரு தடவையும் 30 நிமிடம், முன்னும் பின்னும் 5 நிமிடம் மெல்ல. முதல் இரண்டு வாரம் 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். நடை தடுமாறுபவருக்கு வீட்டில் நிற்கும் சைக்கிள் பாதுகாப்பு. வெயிலுக்கு முன் காலை நடை நல்லதுதான், ஆனால் மாத்திரை ஏறியபின் போகவேண்டும். 6 மணி மாத்திரைக்கு 5.30 நடை என்பது விழுவதற்கு வழி.

வலுப் பயிற்சிக்கு நாற்காலி போதும். கை மார்பில் மடித்து, 18 அங்குலம் உயரமான நாற்காலியில் ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 16 வினாடிக்கு மேல் எடுத்தால் விழும் வாய்ப்பு கூடுதல் என்று வைத்துக்கொண்டு, பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். பயிற்சிக்கு 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். எண்ணிக்கையை மாதம் ஒரு முறை எழுதிவையுங்கள்.

மூன்றாவது, பெரிதாகச் செய்தல். இந்த நோயில் மூளை அசைவைச் சிறிதாக அளந்து கொடுக்கிறது. கையெழுத்து சிறுத்துப்போவதும், குரல் தேய்வதும், அடி குறுகுவதும் ஒரே காரணத்தால். அதனால் பயிற்சியில் "சரியா செய்" என்பதைவிட "பெரிசா செய்" என்பதே உதவும். நின்றபடி ஒரு காலை நீட்டி முன்னால் பெரிய அடி வைத்து, இரு கைகளையும் விரல்வரை விரித்துத் தூக்கி, சத்தமாக எண்ணித் திரும்புங்கள். ஒரு பக்கம் 8, மறுபக்கம் 8. அவருக்கு மிகையாகத் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண அளவாக இருக்கும். கூட இருப்பவர் கண்ணாடியாக நின்று இதைத்தான் சொல்லவேண்டும். குரலுக்கும் அதே விதி: மூச்சு இழுத்து உரத்த 'ஆ' 10 முதல் 15 வினாடி, பத்துத் தடவை. பிறகு தினசரியின் தலைப்புகளை எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி வாசிப்பது. கத்துவதாக அவருக்குத் தோன்றினால் அதுதான் சரியான அளவு.

கால் ஒட்டிக்கொண்டால்

கால் தரையில் ஒட்டிக்கொள்வது வாசற்படியிலும், குளியலறைக் கதவிலும், திரும்பும் இடத்திலும், யாராவது "சீக்கிரம் வாங்க" என்று கூப்பிடும்போதும் வரும். அப்போது கையைப் பிடித்து இழுப்பதுதான் எல்லோரும் செய்வது. உடல் முன்னால் வரும், கால் வராது. விழுந்துவிடுவார். இழுக்காதீர்கள். அவர் செய்யவேண்டியது: நின்றுவிடுங்கள். மூச்சு விடுங்கள். எடையை இடம், வலம் என்று இரண்டு மூன்று முறை ஆட்டி மாற்றுங்கள். எந்தக் காலை எடுப்பது என்று முடிவு செய்து, குதிகால் முதலில் படும்படி பெரிய அடி வையுங்கள். கூட இருப்பவர் பக்கவாட்டில், சற்றே பின்னால் நின்று, தன் முன்கையை நீட்டலாம். "ஒண்ணு ரெண்டு" என்று எண்ணலாம். 'தக திமி' என்று நாலு எண்ணிக்கைச் சொல்கட்டு இதற்கு அருமையாகப் பொருந்தும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அடி. ஆன்ட்ராய்டு போனில் மெட்ரோனோம் செயலி வைத்து, அவர் வழக்கமாக நடக்கும் வேகத்தைவிடப் பத்து சதவீதம் வரை கூட்டிப் பழகலாம்.

வீட்டுக்குள் ஒட்டும் இடத்தில் தரையில் பட்டை ஒட்டுங்கள். நிறம் தரைக்கு எதிர்நிறமாக இருக்கவேண்டும், வெள்ளை டைல்ஸில் கறுப்பு, சிவப்புத் தரையில் வெள்ளை. பட்டை 1 முதல் 2 அங்குல அகலம், நடக்கும் திசைக்குக் குறுக்காக, 1.5 அடிக்கு ஒன்று. கதவுக்கு முன் மூன்று, பின் இரண்டு. அதைத் தாண்டுவதாக நினைத்து அடி வைக்கவேண்டும். இரண்டு அடி டைல்ஸ் கோட்டை நம்பினால் அடி நீண்டு தடுமாறும். கோடுகள் பழகிப்போய்ப் பலன் குறைந்தால் மாதத்துக்கு ஒரு முறை நிறம் மாற்றிப் பாருங்கள்.

திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலக்கூடாது. நான்கைந்து அடி வைத்து, வளைவாக அரைவட்டம் போடுங்கள். நடக்கும்போது கையில் டம்ளர், காதில் போன் இரண்டும் வேண்டாம். குறுகலான இடத்தில் அவரிடம் எதுவும் கேட்காதீர்கள், பதில் யோசிக்கும் நொடியில் கால் நின்றுவிடும்.

எழுவதும் புரள்வதும்

தாழ்ந்த சோபாவை ஒதுக்கிவிட்டு, கைப்பிடியுள்ள, 18 முதல் 20 அங்குல உயரமான மர நாற்காலியைக் கொடுங்கள். எழும் முறை: இருக்கையின் விளிம்புக்கு நகருங்கள். பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுங்கள், இரண்டுக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி விட்டு. மூக்கு கால்விரலுக்கு மேல் வரும்படி குனியுங்கள். மூன்று எண்ணி முன்னும் பின்னும் ஆடி, கடைசி ஆட்டத்தில் கைப்பிடியை அழுத்தி எழுங்கள். நேராக மேலே எழ முயன்றால் பின்னால் சாய்வதுதான் நடக்கும். அக்குளில் கைபோட்டுத் தூக்காதீர்கள், அவர் தோளும் உங்கள் இடுப்பும் போய்விடும். தூக்கவேண்டிய நிலை வந்தால் பிசியோதெரபிஸ்டிடம் இடுப்புப் பட்டை கேட்டு, பழகிக்கொள்ளுங்கள்.

இரவில் புரள முடியாதவருக்கு, இடுப்புப் பகுதியில் மட்டும் ஒன்றரை அடி அகலத்துக்குச் சாட்டின் துணி தைத்த படுக்கை விரிப்பு பெரிய உதவி. பருத்தியில் உடை ஒட்டிக்கொள்ளும், சாட்டினில் வழுக்கும். குதிகால் பகுதியில் பருத்தியே இருக்கட்டும், காலுக்குப் பிடிப்பு வேண்டும். இடது பக்கம் இறங்குபவர் முழங்காலை மடித்து, தலையை இடதுபுறம் திருப்பி, வலது கையை எதிர்ப்பக்கம் வீசி, காலைக் கட்டிலிலிருந்து இறக்கியபின்தான் முழங்கையால் உடலை எழுப்பவேண்டும்.

குளியலறையில் பிடிப்புக் கம்பி மட்டும் போதாது. துண்டு மாட்டும் கம்பியைப் பிடிப்பவரே அதிகம், அது பெயர்ந்து வந்துவிடும். சுவரில் உறுதியான கம்பியைப் பதியுங்கள். குளிக்க ஸ்டூல், வெளிநாட்டுப் பாணிக் கழிப்பறை, அல்லது நம் பாணிக் கழிப்பறையின்மேல் வைக்கும் கமோட் நாற்காலி. ஈரம் இருக்கும்வரை யாரும் நுழையக்கூடாது. பின்பட்டை இல்லாத ரப்பர் செருப்பு கழன்று காலைத் தடுக்கும், பின்பட்டையுள்ளதை வாங்குங்கள். வேட்டி, லுங்கியின் கீழ் ஓரம் தடுக்கி விழுபவர் நிறைய. வெல்க்ரோ வேட்டி, அல்லது டிராக் பேன்ட்.

தலைசுற்றலும் வயிறும்

எழுந்தவுடன் கண் இருண்டால் நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். 5 நிமிடம் படுத்தபின் ஒரு அளவு, எழுந்து நின்ற 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது நின்றநிலைத் தாழ்வழுத்தம். பத்து வருடமாக அதே பிபி மாத்திரை சாப்பிடுபவர் இந்தக் குறிப்போடு போனால், அதைக் குறைக்கவேண்டிய காலம் வந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள், தலையணையை உயர்த்துவது உதவாது. காலையில் எழும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர். இதய, சிறுநீரக நோய் இல்லாதவருக்கு மட்டும், மருத்துவரைக் கேட்டு உப்பு.

மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக நினைக்கக்கூடாது, வயிறு அடைத்திருந்தால் மாத்திரை சிறுகுடலை எட்டவே தாமதமாகும். ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர், கீரை, அத்திப்பழம். இசப்கோல் எடுத்தால் முழு டம்ளர் தண்ணீர் கட்டாயம், குறைந்தால் அடைப்பு கூடும். மூன்று நாள் போகாவிட்டால் மருத்துவரிடம் பாலிஎத்திலீன் கிளைகோல் பொடி கேளுங்கள்.

சாப்பிடும்போது இருமல், விழுங்கியபின் குரல் ஈரமாகக் கேட்பது, அடிக்கடி சளிக்காய்ச்சல் என்றால் பேச்சு, விழுங்குதல் சிகிச்சையாளரிடம் காட்டவேண்டும். அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்றே கீழே இறக்கி, ஒரு வாய்க்கு ஒரு வாய் விழுங்கிக் காத்திருந்து சாப்பிடட்டும். தொலைக்காட்சி வேண்டாம்.

கூட இருப்பவர்

மனைவிகள் அதிகம் சொல்லும் குறை: "எதுக்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கி வெச்சிட்டு இருக்கார்." கோபமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முகத் தசை அசையாமல் போவது நோயின் அங்கம். மகிழ்ச்சியாக இருந்தாலும் முகத்தில் தெரியாது. சந்தேகம் வந்தால் முகத்தைப் பார்க்காமல் கேட்டுவிடுங்கள், "கோவமா?" என்று. அதேபோல, எழுந்து நடக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பது சோம்பலாக இருக்காது, ஊக்கக் குறைவோ மனச்சோர்வோ ஆக இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. திட்டினால் அது மேலும் இறங்கும்.

பட்டன் போட 10 நிமிடம் எடுத்தால் 10 நிமிடம் கொடுங்கள், மாத்திரை சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குப் பிறகு. அவர் செய்துமுடிப்பதை நீங்கள் செய்துகொடுத்தால் அந்தக் கையே மறந்துவிடும். அவர் பேச்சு நின்றால் நடுவே முடித்துவைக்காதீர்கள். "என்ன?" என்று கேட்டால் அதையே அதே தொனியில் திரும்பச் சொல்வார். "சத்தமா" என்றால் மூச்சு இழுப்பார்.

இரவில் கத்துவது, உதைப்பது, கட்டிலிலிருந்து குதிப்பது கனவை உடல் நடித்துக்காட்டுவது. பக்கத்துச் சாமான்களை அகற்றி, தரையில் மெத்தை போட்டு, தனிக் கட்டிலில் படுத்துக்கொள்வதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. மருத்துவரிடம் சொன்னால் மருந்து உண்டு.

பார்த்துக்கொள்பவரின் தூக்கமும் முதுகும் போனால் வீட்டில் நோயாளிகள் இருவர். வாரத்துக்கு இரண்டு அரைநாள் மகனோ, மகளோ, சித்தியோ மாத்திரை டப்பாவின் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும். டப்பாவில் வாரம் முழுவதும் நிரப்பி, நேரத்தை மூடியில் எழுதியிருந்தால் எவராலும் செய்ய முடியும். உதவியாளர் வைத்தால் முதல் நாளே எழுப்பும் முறையை நோயாளியை வைத்துச் செய்துகாட்டுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இல் பார்க்கின்சன் நோயும் ஒரு குறைபாடாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்று சான்று வேண்டும்.

மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால்

வேறு எதற்காகவாவது, இடுப்பெலும்பு முறிவு அல்லது நிமோனியா என்று, அனுமதிக்கும்போதுதான் பெரிய தவறுகள் நடக்கும். மருத்துவமனையில் மருந்துச் சுற்று காலை 8, பகல் 2, இரவு 8 என்று இருக்கும், உங்கள் 6, 10, 2, 6 அவர்களுக்குத் தெரியாது. அறுவைக்கு முன் வெறும் வயிறு என்றால் லெவோடோபாவும் நிறுத்தப்படலாம். மயக்க மருத்துவரிடமும் நரம்பியல் மருத்துவரிடமும் முன்பே கேட்டால், ஒரு வாய் தண்ணீரோடு கொடுக்கவோ, மூக்குக்குழாய் வழியாகத் தரவோ ஏற்பாடு செய்வார்கள்.

இதற்கு ஒரு தாள் போதும். மேலே, பெரிய எழுத்தில் 'பார்க்கின்சன் உள்ளவர், மாத்திரை நேரம் தவறக்கூடாது'. கீழே ஒவ்வொரு மாத்திரையின் முழுப் பெயர், மில்லிகிராம், சாதாரணமா சிஆரா, கொடுக்கும் மணி. அடுத்து 'கொடுக்கக்கூடாதவை': மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால். அடுத்து நரம்பியல் மருத்துவரின் தொலைபேசி. கடைசியில் எழுதிய தேதி. மருந்து மாறியதும் பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். ஒரு நகல் அவருடைய பர்ஸில், ஒன்று ஃபிரிட்ஜ் கதவில், ஒன்று பக்கத்து வீட்டில்.